முள் குத்தினால் கால் ஏன் வீங்குகிறது?

பாகூர், வில்லியனூர் பக்கம் வரப்பில் நடப்பவர்களுக்கு சீமைக்கருவேல முள் குத்துவது புதிதல்ல. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். மறுநாள் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கியிருக்கும். "சீழ் வைக்கப் போகுது" என்பார்கள் வீட்டில். அந்த வீக்கத்துக்குள் என்ன நடக்கிறது?

முள் கிழித்த இடத்தில் உள்ள செல்கள் 'கீமோகைன்' என்ற ரசாயனங்களை வெளியிடுகின்றன. 'இங்கே ஆபத்து, உடனே வா' என்பதுதான் அதன் பொருள். பக்கத்து ரத்தக் குழாயின் உட்சுவர் பசைபோல் ஆகிறது. ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் 'நியூட்ரோஃபில்' என்ற வெள்ளை அணுக்கள் அங்கே வேகம் குறைந்து, ஒட்டி, சுவரின் இடுக்கு வழியாக வெளியேறுகின்றன. பிறகு, ரசாயனம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கமாக ஊர்கின்றன. கருவாடு வறுக்கும் வாசனையைப் பிடித்தே பூனை அடுப்படிக்கு வந்துவிடுமே, அப்படித்தான்! கிருமிகளை விழுங்கி, போராடி இறந்த அணுக்கள்தான் சீழில் பெருமளவு இருப்பவை.

இதை முதலில் காட்டிக்கொடுத்ததும் ஒரு முள்தான். 1882-ல் இத்தாலியின் மெசினா நகரில், கண்ணாடிபோல் உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார் ரஷ்ய விஞ்ஞானி எலி மெச்னிகாஃப். மறுநாள் காலை பார்த்தால், முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன. நோய் எதிர்ப்பு ஆய்வுக்காக 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சர்க்கரை இருந்தால்..?

ரத்தத்தில் சர்க்கரை கட்டுப்பாடில்லாமல் இருந்தால், அழைப்பு வந்தாலும் வெள்ளை அணுக்கள் சரியாக நகர்வதில்லை. கிருமியைக் கொல்லும் திறனும் குறைகிறது. கால் நரம்புகள் மரத்துப்போனவர்களுக்கு முள் குத்தியதே தெரியாது. வீக்கமும் வலியும் பெரிதாக இல்லை என்பதால் புண் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. சிறிய முள் காயம் விரலை எடுக்கும் நிலைவரை போவது இப்படித்தான்.

கழனியிலிருந்து திரும்பியதும்...

* கால்களை சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கு வரை துடையுங்கள்.

* உள்ளங்காலை தினமும் பாருங்கள். குனிய முடியாத தாத்தா, பாட்டிக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம்.

* உள்ளே முறிந்த முள்ளை ஊக்கால் நோண்டாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் எடுத்துவிட்டு, டி.டி. ஊசி தேவையா என்றும் கேளுங்கள்.

* சர்க்கரை உள்ளவர்கள், வலி இல்லாவிட்டாலும் காயத்தை அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.