தாயின் கூலி எங்கே?

இடம்பெயர்ந்து வயலை விட்டு வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு முதலிற் கைகொடுத்தது வீதியோரச் சாப்பாட்டுக் கடையே. 2009இன் பின் ஏ-9 வீதியோரம் இத்தகைய கடைகள் பல எழுந்தன. தகப்பன் காசுப் பெட்டியருகே, மகள் பரிமாறுவாள், தாய் விடியுமுன்பே அடுப்படியில். "இருங்கோ, இன்னும் கொஞ்சம் சொதி விடட்டோ?" என்ற அந்த உபசரிப்புக்காகவே நாம் அங்கு போகிறோம். ஆனால் சோற்றின் விலையில் அரிசியும் தேங்காயும் விறகும் கணக்கிடப்படுகின்றன. தாயின் உழைப்போ கணக்கில் இல்லை. கடன் கொப்பி வேறு நிரம்பிக் கிடக்கிறது. (கடன் சொல்வோரில் மாதச் சம்பளக்காரரும் உளர்!) வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகங்களில் சமைக்கும் பெண்களின் கைக்கே வருமானம் சேர்கிறது. வீட்டுக் கடைகளிலும் தாய்க்கென நாட்கூலி ஒன்றை முதலில் எடுத்து வைத்த பின்பே இலாபத்தைக் கணக்கிட வேண்டும். அதனால் சோறு சில ரூபா கூடினால், சாப்பிடும் நாம் முணுமுணுக்காது காசைக் கையோடு கொடுப்போம்.