பந்தியோடு நின்றுபோன சமத்துவம்

மிஷனரிகளின் வாழ்க்கையை நமக்குச் சொல்லும் முறை ஒன்றுதான். கப்பல், காய்ச்சல், கல்லறை. தாய்நாட்டை விட்டார்கள், உறவை விட்டார்கள், பெற்ற பிள்ளைகளையும் விட்டார்கள். கன்வென்ஷன் பந்தலில் இதைக் கேட்டுக் கண் கலங்காதவர் இல்லை. ஆனால் அந்தக் குடும்பங்களைப் பற்றி வேறொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. அந்த வீட்டு மேசையில் யார் உட்கார்ந்தார்கள்? அந்த வீட்டுப் பிள்ளைகள் யாரை மணந்தார்கள்? சாதியைப் பற்றி அவர்கள் செய்த பிரசங்கங்களைவிட, இந்த இரண்டு கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில்தான் இன்றைய தமிழ்த் திருச்சபையை வடிவமைத்திருக்கிறது என்கிறேன்.

நான் குமரி மாவட்டத்துக்காரன், புராட்டஸ்டண்ட் சபையில் வளர்ந்த தலித் கிறிஸ்தவன். ஆகவே, மிஷனரிகள் ஒன்றுமே செய்யவில்லை என்று பேச எனக்கு வாய் வராது. 1806இல் ரிங்கல்தௌபே திருவிதாங்கூருக்குள் வந்ததற்கே காரணம் மயிலாடி வேதமாணிக்கம். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த அந்த மனிதர் தேடிப்போய் அழைத்ததால் வந்தது அந்த மிஷன். நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள். தோள்சீலைப் போராட்டத்தில் உடுத்தப்பட்ட குப்பாயத்துக்குப் பின்னாலும் மிஷனரிகளின் மனைவிமார் இருந்தார்கள். இதெல்லாம் வரலாறு, யாரும் மறுக்க முடியாது.

அவர்கள் இழந்ததும் உண்மைதான். சார்லஸ் மீட் 1817இல் கப்பலில் வரும் வழியிலேயே, பினாங்கில், மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்தார். மிஷனரிகளின் பிள்ளைகள் சிறுவயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்காகவே 1838இல் பெண்களுக்கும் 1842இல் ஆண்களுக்கும் லண்டன் பகுதியில் தனிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. நம் காலத்திலும் பாருங்கள். ஒடிசாவில் தொழுநோயாளிகளோடு வாழ்ந்த ஆஸ்திரேலியரான கிரகாம் ஸ்டெயின்ஸ், பத்து வயதும் ஆறு வயதும் ஆன இரண்டு மகன்களோடு 1999 ஜனவரியில் வண்டிக்குள் வைத்து எரிக்கப்பட்டார். அவருடைய மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னித்ததோடு, அங்கேயே தங்கிப் பணியையும் தொடர்ந்தார். இந்த இழப்புகளைக் கேலி செய்கிறவன் மனிதனே அல்ல.

ஆனால் தியாகம் வேறு, சமத்துவம் வேறு. ஒருவர் நமக்காக உயிரையே கொடுக்கலாம். அப்போதும் நம்மைத் தன் வீட்டுக்குள் சமமாக உட்கார வைக்காமல் இருக்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதுதான் நம் சபைச் சரித்திரம் செய்த பெரிய மோசடி.

பங்களாவின் உள்ளே

மிஷன் பங்களாவைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். சமையல்காரர், ஆயா, தண்ணீர் எடுப்பவர், தோட்டக்காரர். ஐரோப்பியர் வீட்டுக் குசினியில் மாட்டிறைச்சி வேகும். அந்த வேலைக்குச் சாதி இந்துக்கள் வரமாட்டார்கள். எனவே அங்கே சமைத்தவர்களிலும் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர்களிலும் பலர் பறையர்கள். அந்தக் கையால் சமைத்ததை வெள்ளைக்காரத் துரைசாமியும் துரைசாணியம்மாளும் தினமும் மூன்று வேளை சாப்பிட்டார்கள். தீட்டு இல்லை. சரி, சமைத்தவர் அந்த மேசையில் உட்கார்ந்தாரா? இல்லை. தீண்டாமை இல்லாத இடத்திலும் ஏற்றத்தாழ்வு சுகமாகக் குடியிருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கல்யாணத்துக்கு வருவோம். நாகர்கோவிலின் மால்ட் மிஷனரி. அவர் மகள் எலைசா நாகர்கோவிலிலேயே பிறந்தவர், தமிழ் தெரிந்தவர். 1844இல் அவர் மணந்தது இடையன்குடி மிஷனரி ராபர்ட் கால்டுவெல்லை. கால்டுவெல்லின் மகளை மணந்த வயட்டும் மிஷனரி. மூன்று தலைமுறை, ஒரே வட்டம். வட ஆற்காட்டில் ஸ்கடர் குடும்பத்தைப் பாருங்கள். தகப்பன் மிஷனரி, மகன்கள் மிஷனரிகள், வேலூர் மருத்துவமனையை உருவாக்கிய பேத்தி ஐடாவும் மிஷனரி. கோடை வந்தால் மலைக்குப் போவார்கள். கொடைக்கானலில் அமெரிக்க மதுரை மிஷனரிகள் 1845இலேயே பங்களா கட்டிவிட்டார்கள். 1901இல் அவர்களுடைய பிள்ளைகளுக்கென்று அங்கே பள்ளியும் வந்துவிட்டது. வெயில் தாங்காது என்பது உண்மை. குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் விளைவு என்ன? வேலை நம் தெருவில், வாழ்க்கை தங்கள் வட்டத்தில். வட்டத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்வதற்கு நம் ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. அவர்கள் அதைச் சாதி என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நமக்கு வைத்த பரீட்சை

இந்த வட்டத்துக்குள் இருந்துகொண்டுதான் நம் மக்களுக்குப் பரீட்சை வைத்தார்கள். 1833இல் ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதிக்கு இடமே இல்லை என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். லைப்சிக் லுத்தரன் மிஷன் சாதியோடு அனுசரித்துப் போனது. மற்ற புராட்டஸ்டண்ட் மிஷன்கள் 1850இல் சென்னை மாநாட்டில் கூடித் தீர்மானம் போட்டன. சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, வேறு சாதிக் கிறிஸ்தவரோடு சேர்ந்து உண்ணத் தயார் என்று காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அமெரிக்க மதுரை மிஷன் அதற்கு முன்பே இந்தச் சமபந்திப் பரீட்சையை வைத்து, மறுத்த உபதேசியார்களை வேலையை விட்டு நீக்கியிருந்தது.

இந்தத் தீர்மானத்தை நான் குறை சொல்லவில்லை. அன்றைய சமூகத்தில் அது துணிச்சலான தீர்மானம்தான். ஆனால் வெள்ளையர்களுக்குள் மட்டும் மேல் கீழ் இல்லையா என்று வேளாளக் கிறிஸ்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள். சாதியைக் காப்பாற்றக் கேட்ட அயோக்கியத்தனமான கேள்விதான் அது. இருந்தாலும் மிஷனரிகளிடம் அதற்கு நேர்மையான பதில் இல்லை.

பதில் இல்லை என்பது சில ஆண்டுகளிலேயே நிரூபணமானது. அதே சார்லஸ் மீட். நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர், பள்ளியும் அச்சகமும் நடத்தியவர். இரண்டாம் மனைவியும் இறந்த பிறகு, 1850களின் தொடக்கத்தில், மிஷனில் பணியாற்றிய தேவவரம் முன்ஷியின் மகள் லோயிஸ் பிடல்ஃபைத் திருமணம் செய்தார். லோயிஸ் பறையர் சமூகத்துப் பெண். அவ்வளவுதான், சக மிஷனரிகள் கொந்தளித்தார்கள். பிற சாதியாரோடு உண்ணாதவன் கிறிஸ்தவன் அல்ல என்று மிஷன்கள் தீர்மானம் போட்ட மை காயவில்லை. லண்டன் மிஷனை விட்டு மீட் வெளியேற வேண்டியதாயிற்று. பிறகு திருவிதாங்கூர் அரசின் பள்ளிகளுக்குக் கண்காணிப்பாளரானார். 1873இல் திருவனந்தபுரத்தில் இறந்தார்.

தோழர்களே, மீட்டைப் புனிதராக்க நான் வரவில்லை. அப்போது அவருக்கு வயது அறுபதை ஒட்டி. லோயிஸ் மிகவும் இளையவர், அவர் கைக்குக் கீழே வேலை பார்த்தவரின் மகள். அந்தத் திருமணத்தில் அதிகாரம் யார் பக்கம் இருந்தது என்று இன்று நாம் கேட்டே ஆக வேண்டும். விடுதிப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு நன்கொடையாளரின் பெயரைச் சூட்டுவது அக்கால மிஷன்களின் வழக்கம். பிடல்ஃப் என்ற பெயரைக் கேட்டாலே அந்த வழக்கம்தான் நினைவுக்கு வருகிறது. தன் பெயரைக்கூடத் தன் வீட்டார் தீர்மானிக்க முடியாத பெண்கள் அவர்கள். லோயிஸ் என்ன நினைத்தார் என்று சபைச் சரித்திரங்கள் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

இருந்தாலும் ஒன்று தெளிவு. பறையர் சமைத்ததை உண்ணலாம். பறையருக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம். பறையர் குழந்தையை மடியில் வைத்துப் படம் எடுத்து லண்டனுக்கு அனுப்பி நன்கொடை வாங்கலாம். பறையர் பெண் மிஷனரியின் மனைவியாகப் பங்களாவின் முன்வாசலில் வந்து நின்றால் மட்டும் மிஷன் ஆட்டம் காணும்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா மேடையேறினார். பணம் கொடுக்கிறீர்கள், உயிரையும் கொடுக்கிறீர்கள், நட்பை மட்டும் கொடுக்க மறுக்கிறீர்கள் என்ற பொருளில் முகத்துக்கு நேரே பேசினார். அரங்கம் அதிர்ந்தது. இரண்டு ஆண்டுகளில் அவர் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் ஆயரானார். ஒருவரை மேலே ஏற்றிவிட்டால் கேள்வி தீர்ந்துவிடுமா?

நாம் எடுத்துக்கொண்டது எதை?

சாதியின் உயிர்நாடி அகமணம் என்று அம்பேத்கர் 1916இலேயே கொலம்பியாவில் ஆய்வுரை வாசித்தார். சேர்ந்து உண்பது சாதியைக் கொல்லவில்லை, இரத்தக் கலப்புதான் கொல்லும் என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் வாதிட்டார். மிஷனரிகள் நின்ற இடம் எது என்று இப்போது புரிகிறதா? பந்தி வரைக்கும் வந்தார்கள். மணவறை வாசலில் நின்றுவிட்டார்கள். தாண்டியவரை வெளியே தள்ளினார்கள்.

நம் சபைகள் மிஷனரிகளிடமிருந்து அச்சாகப் பிடித்துக்கொண்டதும் இந்த அளவைத்தான். அசன விருந்தில் எல்லோரும் ஒரே பந்தி. ஒரே பாத்திரத்தில் இராப்போஜனம். ஆனால் மணமகள் தேவை விளம்பரத்தில் கிறிஸ்தவ நாடார், கிறிஸ்தவ வேளாளர், ஆர்.சி. உடையார். பரலோகத்தில் எந்தத் தெருவில் வீடு என்பதையும் சேர்த்துப் போட்டுவிடலாம்.

இன்று நம்மவர்களே மிஷனரிகளாக வெளிநாடு போகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஆப்பிரிக்க நாடொன்றில் இருபது வருடம் ஊழியம் செய்தது. மாதாமாதம் ஜெபக் கடிதம் வரும். அந்த ஊர்ப் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்தபடி படம், அவர்கள் வீட்டுக் களியைத் தரையில் உட்கார்ந்து பிட்டுச் சாப்பிடும் படம். எங்கள் தெருவும் அவர்களுக்குக் காணிக்கை அனுப்பியது. அவர்கள் மகன் இங்கே கல்லூரியில் படித்தபோது என் சித்தி மகளை விரும்பினான். இருவரும் ஒரே சபை, ஒரே வாலிபர் கூட்டம். ஊழியர் விமானம் ஏறி வந்தார், ஜெபித்தார், "கர்த்தருக்குச் சித்தமில்லை" என்றார். படிக்காத என் சித்தி கேட்டாள்: "ஐயா, கர்த்தர் உங்ககிட்ட பேசும்போது எங்க தெருப் பேரையும் சேத்துச் சொன்னாரா?" அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு அவர்கள் சாதியிலேயே பெண் பார்த்துக் கல்யாணம் நடந்தது. நிறத்தையும் மொழியையும் கண்டத்தையும் தாண்டிய விசுவாசம் இரண்டு தெருவைத் தாண்டவில்லை.

இதை எழுதினால் சங்கிகளுக்குத் தீனி போடுவதாகச் சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். தேவாலயத்தில் சாதி இருக்கிறதே என்று கைகொட்டிச் சிரிக்கும் கூட்டம், ஸ்டெயின்ஸின் பிள்ளைகளை எரித்தவனைக் கொண்டாடும் கூட்டம். கிறிஸ்தவனான தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை கிடையாது என்ற 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையைக் கட்டிக் காக்கும் கூட்டமும் அதுதான். அவர்களுக்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சபைக்குள் சாதியே இல்லை என்று நாமே பொய் சொல்லும் வரை, அந்த ஆணையை எதிர்க்கும் நம் வாதத்துக்கு நாமே குழி பறிக்கிறோம். சாதி இல்லாத இடத்தில் சாதிக்கான உரிமையை எப்படிக் கேட்பது?

அதனால் என் கோரிக்கைகள் எளிமையானவை. மிஷனரிப் பண்டிகையில் இனி தியாகத்தோடு சேர்த்து லோயிஸின் கதையையும் சொல்லுங்கள். வெளிநாட்டு ஊழியத்துக்கு ஆள் எடுக்கும்போது, உன் வீட்டுப் பிள்ளை எந்தச் சாதியில் மணந்தாலும் ஓலை வாசிக்கும்போது முன்வரிசையில் எழுந்து நிற்பாயா என்று கேளுங்கள். சாதி மறுத்து மணக்கிறவர்களைச் சபையே முன்னின்று காப்பாற்றட்டும். இதைச் செய்யாத சபை ஆயிரம் மைல் தள்ளி ஆள் அனுப்பத் தேவையில்லை. முதலில் பக்கத்துத் தெருவுக்கு ஒருவரை அனுப்பட்டும், சம்பந்தம் பேச.