சாமானியரின் மௌனம்

மைசூரில் 1921-இல் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த ஆர்.கே. லட்சுமண், மும்பையில் அமர்ந்து அரை நூற்றாண்டு காலம் நம் நகர வாழ்வை எள்ளி நகையாடியவர். கட்டம்போட்ட கோட்டும் வேட்டியும் அணிந்த அவரது 'சாமானியர்', 1951-இல் தொடங்கிய கேலிச்சித்திரத் தொடரில் வாய் திறந்ததே இல்லை. சாலைப் பள்ளங்களையும் தண்ணீர்ப் பஞ்சத்தையும் அமைச்சர்களின் வாக்குறுதிகளையும் திகைப்புடன் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலவுக்கு அனுப்ப ஆள் தேடுவோரிடம் அந்தச் சாமானியரையே ஒருவர் பரிந்துரைப்பதாக ஒரு சித்திரம் உண்டு. நீர், உணவு, ஒளி, காற்று, உறைவிடம் எதுவுமின்றி வாழக் கூடியவர் என்பதே அவரது தகுதி. சிரித்து முடித்த பின்பும் நெஞ்சை உறுத்தும் நகைச்சுவை அது.

2005-இல் லட்சுமணுக்கு பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. 2015 ஜனவரி 26-இல் மறைந்த அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது. மும்பை வொர்லி கடற்கரையில் சாமானியருக்குச் சிலையும் இருக்கிறது. ஓவியரைக் கௌரவித்தவர்கள், அவர் சுட்டிக்காட்டிய குறைகளைக் களைந்தார்களா என்பதே கேள்வி.

நகர வசதிகள் குறித்து நாடாளுமன்றத்தில் வினா எழுந்தால், அது மாநிலங்களின் பொறுப்பு என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. மாநிலங்களோ மாநகராட்சியைக் கைகாட்டுகின்றன. அங்கே யார் இருக்கிறார்கள்?

மன்றத்தின் பதவிக்காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம். ஆனால் சென்னை மாநகராட்சி 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை மக்கள் பிரதிநிதிகள் இன்றி இயங்கியது. பெங்களூரில் 2020 செப்டம்பரில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. 2025-இல் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்படும் வரை தேர்தல் நடைபெறவில்லை. 2022 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த மும்பையும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் அதிகாரிகளின் ஆளுகையில் இருந்தது. இதில் கட்சி வேறுபாடு ஏதுமில்லை.

வார்டு உறுப்பினரே இல்லாத ஊரில், தெருவில் தேங்கிய சாக்கடை நீருக்காகக் குடிமகன் யாரிடம் முறையிடுவான்? அதிகாரிக்கு அவனது வாக்கு தேவையில்லை. பழைய கேலிச்சித்திரங்கள் இன்றும் பொருந்துவது லட்சுமணின் பெருமையாக இருக்கலாம். ஆட்சியாளர்களுக்கு அது தலைக்குனிவு.

சாமானியரைப் பேசாதவராகப் படைத்தது ஓவியரின் கலை. அவரைப் பேசவிடாமல் வைத்திருப்பது அரசியல். சிலைக்கு மாலை அணிவிப்பதைவிட, உரிய காலத்தில் அவருக்கு வாக்குச்சீட்டை வழங்குவதே உண்மையான மரியாதை.