இரவில் கார் எங்கே நிற்கிறது?

ரொறன்ரோ மாநகர சபை 2023 அக்டோபரில் ஒரு முடிவெடுத்தது: நகரில் ஓடும் ரக்சிகளும் உபர், லிஃப்ட் போன்ற வாடகை வாகனங்களும் 2030 முடிவதற்குள் புகை கக்காத வாகனங்களாக மாறிவிட வேண்டும். முடிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வாகனத்தை ஓட்டுகிறவர் வேலை முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பியதும் அதை எங்கே சார்ஜ் போடுவார் என்பதை அந்த முடிவு தீர்த்துவைக்கவில்லை. ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டில் தொழில் செய்யும் திட்டமிடலாளரும் மின் ஒப்பந்தக்காரரும் கட்டட முகாமையாளரும் தினமும் முட்டிக்கொள்ளும் சிக்கல் இதுதான்.

மோர்னிங்சைட் அவெனியூவைத் தெற்கிலிருந்து வடக்கே ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் சிக்கலின் வடிவம் புரிந்துவிடும். கிங்ஸ்டன் வீதியும் லோரன்ஸ் அவெனியூவும் சந்திக்கும் பக்கத்தில் பழைய வாடகைக் கோபுரங்கள், பெரிய தரிப்பிடங்களோடு கூடிய பிளாசாக்கள். நடுவே ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்கும் மோர்னிங்சைட் பூங்காவும். எல்ஸ்மியர் வீதியைத் தாண்டினால் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம், சென்ரெனியல் கல்லூரி, 2014இல் திறந்த பான் ஆம் விளையாட்டு மையம், அதற்கப்பால் 401 நெடுஞ்சாலை. பக்கத் தெருக்களில் பங்களாக்கள். பங்களாக்களின் பேஸ்மன்டுகளில் வாடகைக் குடும்பங்கள். தமிழ் அன்றாடம் காதில் விழும் பகுதி இது. 2023 ஜூலையில் ஸ்காபரோ ரயில் தடம்புரண்டு நிரந்தரமாக நின்றுபோன பின், பஸ்ஸை நம்ப முடியாதவர்கள் இன்னும் இறுக்கமாகக் காரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நகரத்திடம் திட்டம் இல்லாமல் இல்லை. 2020 ஜனவரியில் மின்வாகன உத்தி நிறைவேறியது. 2021 டிசம்பரில் ஏற்ற காலநிலைத் திட்டம் 2040இல் நிகரச் சுழிய உமிழ்வு என்ற இலக்கை வைத்து, 2030இல் பதிவாகியிருக்கும் வாகனங்களில் 30 சதவீதம் மின்வாகனங்களாக இருக்க வேண்டும் என்றது. இவற்றுக்கு இடையே, 2020 இறுதியில், ரொறன்ரோ ஹைட்ரோவும் மாநகரமும் சேர்ந்து தெருவோர மின்கம்பங்களில் 17 சார்ஜர்களைப் பொருத்திப் பரிசோதித்தன. பின்னர் மாநகரத்தின் கிறீன் பி தரிப்பிடங்களிலும் சார்ஜர்கள் பெருகின.

ஆனால் இந்த இரண்டு வழிகளும் ஸ்காபரோவை நோக்கி இயல்பாக வருவதில்லை. தெருவோரப் பரிசோதனைக்குத் தேர்ந்தெடுத்தவை, சொந்தத் தரிப்பிடம் இல்லாதவர்கள் அனுமதிச் சீட்டு வாங்கி இரவில் தெருவில் காரை விடும் குடியிருப்புத் தெருக்கள். பழைய ரொறன்ரோவிலும் ஈஸ்ட் யோர்க்கிலும் அது வழக்கம். ஸ்காபரோவில் அந்த அனுமதி முறை பெரும்பாலும் கிடையாது. கிறீன் பி தரிப்பிடங்களும் நகர மையத்தில்தான் நெருக்கமாக உள்ளன. நம் பக்கத்தில் தரிப்பிடம் என்றால் பிளாசாக்காரருடையது, இல்லையேல் கோபுரச் சொந்தக்காரருடையது. யாரும் திட்டமிட்டு மோர்னிங்சைட்டை ஒதுக்கவில்லை. தேர்வு அளவுகோலே ஒதுக்கிவிட்டது. மாநகரத்துக்குச் சொந்தமான நிலத்தை மட்டும் வரைபடத்தில் குறித்துக்கொண்டு தொடங்கினால் இப்பகுதி வெறுமையாகத்தான் தெரியும்.

பொதுமக்கள் கருத்துக் கேட்கும் முறைக்கும் இதே குறை உண்டு. உள்ளூர் மின்னேற்றத் திட்டங்களுக்கு வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி, ‘எந்த இடத்தில் சார்ஜர் வேண்டும்?’ என்பது. ஏற்கெனவே மின்வாகனம் வைத்திருப்பவர், தனி வீடும் தன் டிரைவ்வேயும் உள்ளவர், ஆங்கிலப் படிவத்தைத் தயங்காமல் நிரப்புபவர் ஆகியோர் இதற்கு உற்சாகமாகப் பதில் சொல்வார்கள். நூலகத்துக்குப் பக்கத்தில், பூங்காவில், மளிகைக்கடை வாசலில் என்று புள்ளிகள் விழும். அவை வசதிக்கான புள்ளிகள். மின்வாகனம் வாங்கவே தயங்குகிறவர், வாங்கினால் எங்கே சார்ஜ் போடுவது என்று தெரியாமல்தானே தயங்குகிறார்? அவரது கருத்து அந்த வரைபடத்தில் ஏறுவதே இல்லை.

கேள்வியை மாற்ற வேண்டும். இரவில் உங்கள் கார் எங்கே நிற்கிறது? அந்த இடம் யாருடையது? ஹைட்ரோ பில் யார் பெயரில் வருகிறது? ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறீர்கள்? இந்த நான்கு கேள்விகளுக்கும் கிடைக்கும் பதிலை வைத்து மோர்னிங்சைட்டுக்கு ஒரு திட்டம் வரையலாம்.

பதில்கள் மூன்று வகையாகப் பிரியும். முதலாவது, கொண்டோ. இங்கே சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 2018 மே 1 முதல் ஒன்ராறியோவில், உரிமையாளர் தம் செலவில் சார்ஜர் போட விண்ணப்பித்தால் நிர்வாக சபை 60 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வேறு சட்டத்துக்கு முரண், பாதுகாப்புக் கேடு போன்றவற்றை நிபுணர் அறிக்கை காட்டினாலொழிய மறுக்க முடியாது. கூட்டுத்தாபனமே பொதுவாகப் போட விரும்பினால், செலவு ஆண்டுப் பொதுச் செலவுத் திட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேற்படாமலும் மற்றவர்களின் பாவனைக்குப் பெரிய குறைவு வராமலும் இருந்தால், அறிவித்தல் கொடுத்துவிட்டு வாக்கெடுப்பின்றிச் செய்யலாம். விதி தெரியாத சபைகளும், தெரிந்தும் தட்டிக்கழிக்கும் சபைகளும் உண்டு என்பது இவ்விதழின் வாசகர்களுக்குப் புதிதல்ல.

இரண்டாவது, பேஸ்மன்ட். டிரைவ்வேயில் இரண்டு கார் நின்றாலும் பிளக் ஒன்று, அது வீட்டுக்காரருக்கு. பழைய பங்களாக்களில் பலவற்றுக்கு 100 அம்பியர் இணைப்புத்தான். அடுப்பும் உலர்த்தியும் மின்சாரத்தில் ஓடும் வீட்டில் சார்ஜரையும் ஏற்ற வேண்டுமென்றால், உடனே 200 அம்பியருக்கு மாற்றச் சொல்லும் ஒப்பந்தக்காரர்தான் அதிகம். வீட்டின் மொத்தச் சுமையைக் கண்காணித்து, அடுப்பு எரியும்போது சார்ஜரை நிறுத்திவைக்கும் கருவியை மின்பாதுகாப்புக் கோவை அனுமதிக்கிறது. பல ஆயிரம் டொலர் மிச்சமாகும் வழி அது. அதை முதலில் சொல்வது நம் தொழில் ஒழுக்கம்.

மூன்றாவது, வாடகைக் கோபுரம். சட்டம் கைவிட்ட இடம் இது. கொண்டோ உரிமையாளருக்குக் கிடைக்கும் விண்ணப்ப உரிமைகூட ஒன்ராறியோவில் வாடகையாளருக்கு இல்லை. கலிபோர்னியாவில் 2015 ஜூலை முதலான குத்தகைகளில், வாடகையாளர் தம் செலவில் சார்ஜர் போடக் கேட்டால் சொந்தக்காரர் சில விதிவிலக்குகளுக்கு உட்பட்டு அனுமதித்தாக வேண்டும். நமக்கோ எல்லாம் சொந்தக்காரரின் மனம். ரொறன்ரோவில் ஏறத்தாழப் பாதிக் குடும்பங்கள் வாடகைக்கு இருப்பவை என்பதை நினைத்தால், இது ஓரத்தில் கிடக்கும் சின்ன ஓட்டை அல்ல.

கட்டணத்தில் இந்த வேறுபாடு இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 2023 மே மாதத்தில் ஒன்ராறியோ கொண்டுவந்த இரவு நேரக் கட்டணத்தில், இரவு 11 முதல் காலை 7 வரை ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை அப்போது 2.4 சதம். அதைப் பெறச் சொந்த மீற்றர் வேண்டும். வாடகையோடு ஹைட்ரோவும் சேர்ந்திருக்கும் பழைய கோபுரத்தில் கட்டடம் முழுவதற்கும் ஒரே மீற்றர். அங்கே குடியிருக்கும் உபர் ஓட்டுநர் விரைவு சார்ஜரைத் தேடிப்போய், யூனிட்டுக்கு 50 சதத்துக்கு மேல் கொடுக்கும் இடங்களே பல. விநியோகச் செலவைச் சேர்த்துப் பார்த்தாலும் டிரைவ்வே உள்ளவரைவிட அவர் பல மடங்கு கொடுக்கிறார். வேலை முடிந்த பின் நள்ளிரவில் காரில் காத்திருக்கும் நேரம் அவர் கணக்கில் தனி.

‘கோபுரத்தின் இணைப்பு தாங்காது’ என்பது சொந்தக்காரர்களின் முதல் மறுப்பு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 208 வோல்ட்டில் ஒரு 40 அம்பியர் சுற்று. தொடர் சுமைக்கு 80 சதவீதம், அதாவது 32 அம்பியர். கிடைப்பது சுமார் 6.6 கிலோவாட். இரவு 11 முதல் காலை 7 வரை எட்டு மணி நேரத்தில் சுமார் 53 யூனிட். சுமை பகிரும் கருவி அதை நான்கு கார்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு 13 யூனிட். ஏற்றும்போது போகும் பத்து சதவீதத்தைக் கழித்தாலும் சாதாரண நாளில் 65 கிலோமீற்றர் ஓடலாம். கடுங்குளிரில் 50க்குச் சற்றுக் குறையும். மோர்னிங்சைட்டிலிருந்து ஸ்காபரோவுக்குள் வேலைக்குப் போய்வருபவருக்கு இது தாராளம். பத்துச் சுற்றுகள் நாற்பது கார்களுக்குப் போதும். அதுவும் கட்டடத்தின் மற்றச் சுமைகள் தணிந்திருக்கும் நேரத்தில்.

நாளுக்கு 200 கிலோமீற்றர் ஓடும் ரக்சிக்காரருக்கு அந்தக் கால் பங்கு போதாது. அவருக்கு ஒரு சுற்று முழுவதுமே தேவைப்படலாம். ஆகவேதான் நான்காவது கேள்வி முக்கியம். கிலோமீற்றரைக் கேட்காமல் எல்லாத் தரிப்பிடத்துக்கும் ஒரே அளவு என்று வடிவமைத்தால், வாரக் கடைசியில் மட்டும் காரை எடுப்பவருக்கு மிஞ்சும், பிழைப்புக்கு ஓட்டுபவருக்குக் குறையும்.

மக்கள் தரப்பில் எழும் எதிர்ப்பையும் அறியாமை என்று தள்ளக்கூடாது. கோபுர வாடகையாளரின் முதல் அச்சம் வாடகை. மூலதனச் செலவைக் காட்டி, வாடகை உயர்வு வழிகாட்டி வீதத்துக்கு மேல் ஆண்டுக்கு 3 சதவீதம் வரை, மூன்று ஆண்டுகளுக்கு உயர்த்த விண்ணப்பிக்கும் வழி ஒன்ராறியோச் சட்டத்தில் உண்டு. லிஃப்ட் திருத்தத்துக்கும் பல்கனித் திருத்தத்துக்கும் அப்படி வாடகை ஏறிப் பார்த்தவர்கள், ‘யாரோ நாலு பேரின் காருக்கு நான் ஏன் கட்ட வேண்டும்?’ என்று கேட்பது நியாயம். பதில் சொற்பொழிவாக இருந்தால் எடுபடாது. பாவிப்பவரே கட்டுவார், வாடகையில் சேராது என்ற எழுத்து மூல உறுதிமொழி வேண்டும். 2023இல் கனடா அளவீட்டுத் துறை சார்ஜர்களில் நேரத்துக்குப் பதிலாக யூனிட் அளவில் பணம் வாங்க இடம் கொடுத்திருப்பதால் இதைச் செய்வது இப்போது எளிது.

கார் இல்லாதவரின் கேள்வி இதைவிடக் கனமானது. 116ஆம் இலக்கப் பஸ்ஸுக்காகப் பனியில் நிற்பவர், பொதுப்பணம் ஏன் காருக்குப் போகிறது என்று கேட்கிறார். பொதுப்பணம் வீதிக்குப் போகும்போது இரண்டுக்கும் சேர்த்துப் போக வேண்டும் என்பதே எம் நிலைப்பாடு. எக்ளிங்டன் கிழக்கு இலகு ரயில் திட்டம் மோர்னிங்சைட் அவெனியூ வழியாகத்தான் பல்கலைக்கழக வளாகத்தை நோக்கி வரையப்பட்டிருக்கிறது. எல்ஸ்மியரில் டர்ஹம்–ஸ்காபரோ விரைவுப் பஸ் தடம் வரவிருக்கிறது. அந்த வேலைகளுக்கு வீதியைத் தோண்டும்போதே மின்குழாய்களைப் பதித்துவிட்டால், பின்னர் பிளாசா ஓரமாகவும் கோபுர வாசலிலும் சார்ஜர் போட மறுபடி வீதியை வெட்ட வேண்டியதில்லை.

மேல்மட்ட அரசுகளை நம்பிக் காத்திருக்க முடியாது. ஒன்ராறியோவில் 14,000 டொலர் வரையிருந்த வாங்கும் சலுகை 2018இல் நின்றது. புதிய வீடுகளை மின்னேற்றத்துக்கு ஆயத்தமாகக் கட்ட வேண்டுமென்று 2018 ஜனவரியில் கட்டடக் கோவையில் வந்த விதி 2019 மே மாதத்தில் நீங்கியது. பின்னர் வந்த மாகாண மின்னேற்ற உதவித் திட்டத்தில் சமூகங்களுக்கான பகுதி 170,000க்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட ஊர்களுக்கு மட்டும். ரொறன்ரோ அதில் சேரவில்லை. மத்திய அரசின் 5,000 டொலர் சலுகை 2025 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அரசியல் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் சுவருக்குள் போட்ட குழாய் அங்கேயே இருக்கும்.

இனி நம் தொழிலுக்குள் செய்யக்கூடியவை. ரொறன்ரோவின் பசுமைத் தரநிலை 2022 மே முதல் புதிய குடியிருப்புக் கட்டடங்களின் தரிப்பிடங்களுக்கு மின் இணைப்புக் கோருகிறது. பழைய கோபுரத்தை அது தொடுவதில்லை. ஆனால் பழைய கோபுரத்தின் புல்வெளியிலேயே புதிய கோபுரம் எழுப்ப ஸ்காபரோவில் விண்ணப்பங்கள் வருகின்றன. அந்த மண்டல மாற்றப் பேச்சின்போது, புதிய கட்டடத்துக்குக் கொண்டுவரும் இணைப்பிலிருந்து பழைய கட்டடத்தின் தரிப்பிடத்துக்கும் ஒரு பங்கு என்ற கோரிக்கையைத் திட்டமிடலாளர் மேசையில் வைக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு சார்ஜர் என்று வேலை கேட்டு வரும்போது, கட்டடம் முழுவதற்குமான சுமைக் கணிப்பை முதலில் செய்து கொடுப்பதை மின் ஒப்பந்தக்காரர் வழக்கமாக்க வேண்டும். முதலில் வரும் மூன்று பேர் மிச்சமிருக்கும் கொள்ளளவைத் தின்றுவிட்டால் நாலாவது ஆளுக்கு எதுவும் இல்லை.

கருத்துக் கேட்கும் கூட்டம் கோபுரத்தின் கீழ்த்தளத்தில், தமிழிலும் நடக்க வேண்டும். பகல்வேலைக்காரருக்கு ஒரு நேரம், இரவு ஓட்டுநருக்கு ஒரு நேரம் என்று இரண்டாக நடக்க வேண்டும். கிடைத்த பதில்களைத் தொகுத்து ஸ்காபரோ சமூகசபையின் முன் யாரும் பேசலாம். அதற்குப் பட்டமோ பதவியோ தேவையில்லை. வாடகையாளருக்கும் விண்ணப்ப உரிமை வேண்டும் என்று மாகாணத்தைக் கேட்கும் தீர்மானம் அங்கிருந்தே தொடங்கட்டும். இவ்விதழின் வாசகர் ஒவ்வொருவரும் தாம் வேலை செய்யும் ஒரு கட்டடத்திலாவது அந்த நான்கு கேள்விகளை எழுதி ஒட்டி, பதில்களைத் திரட்டித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். 2030 முடிவுக்கு இருக்கும் காலம் நீண்டதல்ல. பழைய கோபுரத்தில் ஒரு மின் அறையை மாற்றியமைக்க எவ்வளவு நாள் இழுக்கும் என்பது நமக்குத் தெரியும்.