எதற்குப் பொறுமை, எதற்கு அவசரம்?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கல்பிட்டிக் கரையோரத்துக்கு வந்த குடும்பங்களுக்குக் காத்திருப்பு புதிதல்ல. நிவாரணத்துக்கும் காணி உறுதிக்கும் காத்திருந்தவர்கள் நீங்கள். ஆனால் நோய் வந்த வீட்டில் எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

சூலகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். நோய் குடலிலும் பரவியிருந்ததால் குடலின் ஒரு பகுதியை அகற்றி, வயிற்றில் மலம் வெளியேற வழி வைத்துப் பை பொருத்தியிருக்கிறார்கள். அதன்பின் மகரகம அபேக்ஷா வைத்தியசாலையில் கீமோ மருந்து ஏற்றப்படுகிறது. வழக்கமாக மூன்று வாரங்களுக்கு ஒரு தடவை, ஆறு தடவைகள். இரண்டாம் தடவை முடியும்போதே, "இந்தப் பையை எப்போது எடுப்பார்கள்?" என்று அவர் கேட்கிறார். தண்ணீர் தட்டுப்பாடான சிறு வீட்டில் பையோடு வாழ்வது இலேசல்ல. நாலுபேர் கூடும் இடத்துக்குப் போகவும் கூச்சம். "முதலில் அதை மூடிவிட்டு மிச்ச மருந்தைப் பார்ப்போம்" என்கிறார்கள் வீட்டார்.

இந்த அவசரம் தவறானது என்பதே என் கருத்து. கீமோ மருந்து புற்றுநோயை மட்டுமல்ல, இரத்தம் உருவாகும் என்பு மச்சையையும் தாக்கும். பெரும்பாலும் மருந்து ஏற்றி 7 முதல் 14 நாட்களில், கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது வெட்டினால் காயம் ஆறத் தாமதமாகும், கிருமியும் தொற்றலாம். காயம் ஆறும்வரை அடுத்த மருந்தும் தள்ளிப்போகும். மிஞ்சிய நோய்க்கு அதுவே வாய்ப்பு. வெங்காயப் பாத்தியில் பூச்சி விழுந்திருக்கையில் மருந்தடிப்பதைப் பாதியில் விட்டு எவராவது வேலி கட்டப் போவார்களா?

ஆகவே குடலை மீண்டும் இணைப்பதும், தையல் இடத்தில் ஏற்பட்ட குடலிறக்கத்தைச் சீர்செய்வதும், பொதுவாக மருந்து முழுவதும் முடிந்து உடல் தேறிய பின்னரே நடக்கும்.

ஆனால் எல்லாச் சத்திரசிகிச்சையும் காத்திருப்பதல்ல. பரவிய கட்டியை மூன்று தடவை மருந்தால் சுருக்கி, பின் அகற்றி, மீண்டும் மருந்தைத் தொடர்வது சிலருக்குரிய சிகிச்சைத் திட்டம். அந்தத் திகதியை அறுவடைக்காகப் பின்போடாதீர்கள். குடல் அடைப்பு, ஓயாத வாந்தி, இரத்தப்பெருக்கு, 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட காய்ச்சல் ஆகியவற்றுக்கு அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பொறுமையை நோயாளியிடம் மட்டும் கேட்பது நியாயமாகாது. "பிறகு பார்ப்போம்" என்பது ஒரு தாய்க்குப் பதிலாகாது. கடைசி மருந்து எப்போது, பையை எடுப்பது பற்றி எந்த மாதம் பரிசோதிப்பார்கள், பை எடுக்க முடியாமற்போகுமா என்பதைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியே. கேட்பது உங்கள் உரிமை.

மன்னாரில் உறவினர் வீட்டில் நின்று வேறு வைத்தியரிடம் போனாலும், அதே கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். கடைசியாக மருந்து ஏற்றிய திகதி தெரியாமல் எவரும் கத்தி வைக்கக் கூடாது.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. அந்தப் பை வெட்கத்துக்குரியதல்ல. அந்தத் தாயின் உயிரைக் காக்க வைத்த வழி. மருந்து முடியும்வரை பஸ் பயணத்தில் ஒருவர் துணைக்குப் போங்கள். அவருடைய பொறுமையில் பாதி உங்கள் கையில் இருக்கிறது.