கோடையில் போடும் கிடை

அறுவடைக்குச் சில நாட்கள் முன்னதாகச் சம்பாப் பயிருக்குள்ளேயே தெளித்துவிட்ட உளுந்தும் பயறும் வீடு வந்து சேர்ந்தபின், பாளம் பாளமாக வெடித்த தஞ்சைக் களிமண்ணையும், மணல் மட்டுமே மிஞ்சிய காவிரியையும் பார்க்கும் வெளியூர்க்காரர், இந்தச் சீமை இரண்டு மாதம் சும்மா கிடக்கிறது என்றே எண்ணுவார். குடியானவருக்கு அந்த எண்ணம் கிடையாது. இராமநாதபுரத்துப் பக்கமிருந்து ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு வரும் கீதாரியிடம் பேரம் பேசி, இன்றிரவு இந்த வயல், நாளையிரவு அடுத்த வயல் என்று கிடை போடச் சொல்லி, புழுக்கையும் நீரும் மண்ணில் இறங்கியதும் ஒரு கோடை உழவு உழுதுவிட்டுத்தான் அவர் மேட்டூரைப் பார்த்துக் காத்திருப்பார். வழக்கப்படி அணை திறக்கும் ஜூன் 12-ஆம் தேதிக்கு முன்பே குறுவைக்கான உரத்தில் ஒரு பங்கு வயலில் சேர்ந்துவிடுகிறது.

நிலத்துக்கு இவ்வளவு கரிசனம் காட்டும் நாம், அதே இரண்டு மாதம் பள்ளிக்கூடம் மூடியிருக்கும்போது நம் பிள்ளைகளுக்கு என்ன கிடை போடுகிறோம் என்பதே என் கேள்வி. வசதியுள்ளவர்கள், பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் ‘முப்பதே நாளில் ஸ்போக்கன் இங்கிலீஷ்’ நோட்டீசைப் பார்த்துப் பணம் கட்டுகிறார்கள். இல்லாதவர்களின் பிள்ளைகள் புளியமரத்தடியில் நிற்கிறார்கள். கிராமங்களிலேயே கோடைப்பள்ளி வேண்டும், அதில் ஆங்கிலமும் கலையும் சேர்ந்தே இருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். கலையை ஆங்கிலத்துக்கு இனாமாகச் சேர்க்கச் சொல்லவில்லை. கலை வழியாக அல்லாமல் அந்தப் பாஷை நம் பிள்ளைகளின் நாவில் ஏறாது என்பதனாலேயே சொல்கிறேன்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஏழாம் வகுப்பில் ஒரு வார்த்தையைத் தவறாக உச்சரித்ததற்காக உபாத்தியாயர் என்னைப் பெஞ்சின்மீது நிற்க வைத்து, அதையே பத்து முறை சொல்லச் சொல்லி, ஒவ்வொரு முறையும் வகுப்பைச் சிரிக்க வைத்தார். அதன்பின் மூன்று வருஷம் நான் ஆங்கிலத்தில் வாயைத் திறக்கவில்லை. விசித்திரம் என்னவென்றால், அந்த மூன்று வருஷமும் சனிக்கிழமை தோறும் பஜனை மடத்தில் தெலுங்குக் கீர்த்தனங்களை யாதொரு சங்கோசமும் இன்றி உரக்கப் பாடிக்கொண்டிருந்தேன். தெலுங்கில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ராகமும் தாளமும் சொல்லைக் கையைப் பிடித்து அழைத்துப் போயின, தப்பினால் பக்கத்துக் குரல் தாங்கிக்கொண்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சென்ற மே மாதம் பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கோடை வகுப்பைப் பார்க்க நேர்ந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும், உள்ளூர்த் தப்புக் கலைஞர் ஒருவரும் சேர்ந்து, பழைய மண்டபம் ஒன்றில் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலச் சொற்களில் ஓர் அசைமேல்தான் அழுத்தம் விழும், மற்றவை அதன் நிழலில் ஒதுங்கிப் போகும். நாமோ எல்லா அசைகளுக்கும் சமமாக மரியாதை கொடுத்தே பழகியவர்கள். ‘போட்டோகிராப்’ என்னும்போது முதல் அசையில் இருக்கும் அழுத்தம், ‘போட்டாகிரபர்’ என்றதும் இரண்டாம் அசைக்கு நகர்ந்துவிடுகிறது என்பதை இலக்கணமாகச் சொன்னால் பெரியவர்களே விழிப்பார்கள். அம்மையார் சொல்லைச் சொன்னார், கலைஞர் அழுத்தம் விழுந்த இடத்தில் தப்பில் ஓங்கி ஓர் அடி வைத்தார். இரண்டாவது சொல்லுக்கு அடி ஓர் அசை தள்ளி விழுந்தபோது, முன் வரிசைப் பையன் ஒருவன் ‘இடம் மாறிடுச்சு சார்!’ என்று கத்தினான்.

பிறகு அவர்களே கட்டிய சிறு நாடகம் ஒன்றை ஆடிக் காட்டினார்கள். மேட்டூரிலிருந்து வரும் தண்ணீராக ஒரு சிறுமி, மதகில் நிற்கும் லஸ்கராக ஒரு சிறுவன். ‘வென் வில் யூ கம்?’ என்று அவன் கேட்க, அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, ‘ஓப்பன் தி ஷட்டர் ஃபர்ஸ்ட்!’ என்று அதட்டினாள். நடவு ஆளின் மகளாம். அவள் வாயிலிருந்து அந்த அதட்டல் கூச்சமில்லாமல் வந்ததற்குக் காரணம், அப்போது பேசியவள் காவிரி என்பதுதான். இலக்கணப் பயிற்சி நோட்டு எதுவும் கொடுக்காத தைரியத்தை வேஷம் கொடுத்துவிடுகிறது.

இது புதுமை என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. பாபநாசம் தாலுகாவிலேயே இருக்கும் மெலட்டூரில், நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, இதே கோடையில், வேங்கடராம சாஸ்திரி இயற்றிய தெலுங்கு நாடகங்களைப் பாகவத மேளமாக இரவு முழுதும் ஆடுகிறார்கள். தெலுங்கு வாசிக்கத் தெரியாத தமிழ் ஜனங்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். இன்னொரு பாஷையைக் கலையின் முதுகில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவருவது காவிரிக்கரையின் பழைய சம்பிரதாயம். அந்தக் கலைகளின் கதவு எல்லா ஜாதியாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இன்று நடத்தும் பள்ளி அந்தக் கதவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஆங்கில விஷயத்திலேயே நமக்கு முன்னுதாரணம் உண்டு. சுவார்ட்ஸ் பாதிரியாரின் பராமரிப்பில் கல்வி கற்று, 1798-ல் தஞ்சைப் பட்டத்துக்கு வந்த இரண்டாம் சரபோஜி, தம் குரு அதே வருஷம் காலமானதும் அவருடைய சமாதிக்கு ஆங்கிலத்தில் செய்யுள் எழுதினார். உத்தியோகத்துக்கோ பரீட்சைக்கோ அல்லாமல், ஒரு துக்கத்தைச் சொல்ல அவருக்கு அந்தப் பாஷை பயன்பட்டது. மேல்நாட்டார் வழியாகத் தாம் அறிந்த பூகோளத்தை மற்றவர்க்குச் சொல்ல விரும்பியபோது அவர் பாடப்புத்தகத்தை நாடவில்லை. மராத்தியில் ‘தேவேந்திர குறவஞ்சி’ என்று நாட்டியப் பிரபந்தம் எழுதி, குறத்தியின் வாயால் கண்டங்களையும் தேசங்களையும் சொல்ல வைத்தார். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தில் அன்னதானமும் கல்வியும் ஒரே கூரையின்கீழ் நடந்ததும் அவர் காலத்தில்தான். இன்றோ பள்ளி மூடினால் சத்துணவு அடுப்பும் அணைந்துவிடுகிறது.

கலையாகக் கற்பதற்கும் கண்டமாகக் கடப்பதற்கும் உள்ள பேதத்தைக் கும்பகோணம் ஒன்றே காட்டிவிடும். வலங்கைமானில் 1869-ல் பிறந்து, கும்பகோணத்தில் படித்த சீனிவாச சாஸ்திரியார், தம் ஆங்கிலப் பிரசங்கங்களால் வெள்ளி நாக்கர் என்று பெயர் பெற்றார். அதே ஊர்க் காலேஜில் 1904-ல் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்த ராமானுஜன், ஆங்கிலப் பரீட்சையில் தவறி அந்தச் சம்பளத்தை இழந்தார். ஒருவருக்குச் சபையாக இருந்த பாஷை இன்னொருவருக்குச் சுங்கச்சாவடியாயிற்று. ராமானுஜனுக்கே அந்தக் கதியென்றால், நடவு ஆளின் மகளைப் பற்றிக் கேட்பானேன்?

ஆங்கிலத்தைக் கிராமத்துக்குள் விட்டால் தமிழ் தேய்ந்துவிடும் என்று ஆட்சேபிக்கும் நண்பர்களின் கவலை எனக்குப் புரிகிறது. பிடிலைப் பற்றியும் ஒரு காலத்தில் அப்படிப் பயந்திருக்கலாம். மணலியில் பாலுசுவாமி தீட்சிதர் அதை ஐரோப்பியரிடம் கற்றார், தஞ்சை வடிவேலு அதில் தேர்ந்து 1834-ல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடம் தந்தப் பிடில் பரிசு பெற்றார். நம்மவர் அதைச் சம்மணமிட்டு உட்கார்ந்து, மார்புக்கும் கணுக்காலுக்கும் இடையில் சாய்த்து, ஷட்ஜ பஞ்சமத்துக்குத் தந்திகளைச் சுருதி கூட்டிக்கொண்டார்கள். வாத்தியம் அந்நியம்தான். அது வாசித்தது பைரவியும் தோடியும் அல்லவா? மண்டபத்துச் சிறுமி காவிரியாக நின்று ஆங்கிலத்தில் அதட்டியதும் அவ்விதமே.

வேலையில்லாத மாதங்களைப் பள்ளியாக்கியவர்கள் வெளிநாட்டிலும் உண்டு. டேனிஷ் மக்களிடையே கிருந்த்விக் என்னும் அறிஞரின் கருத்தைத் தழுவி 1844-ல் ரோடிங் என்னும் ஊரில் தொடங்கிய ஜனப் பள்ளிகள், வயலில் வேலையில்லாத பனிக்காலத்தில் குடியானவர் வீட்டு வாலிபர்களை அழைத்து, பரீட்சையின்றி, பாட்டாலும் பேச்சாலும் கல்வி தந்தன. அவர்களுக்குப் பனி, நமக்குக் கோடை. நமக்கு வேண்டிய சாமான்களும் புதிதாகச் செய்யவேண்டியவை அல்ல. ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது, திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, தஞ்சையில் தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது, ஊருக்கு ஊர் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பூட்டிக் கிடக்கும் வகுப்பறைகளும் இருக்கின்றன. ஒவ்வோர் ஊராட்சி ஒன்றியத்திலும் முதலில் ஒரே கிராமத்தில், நான்கு வாரம், வெயில் ஏறுமுன் காலையில் வகுப்பு, பிறகு ஒரு வேளைச் சாப்பாடு, கலைஞருக்கு ஆசிரியருக்குச் சமமான ஊதியம், பரீட்சை கிடையாது, கடைசி நாள் இரவில் ஊர் பார்க்க ஒரு நாடகம் என்று தொடங்கினால் போதும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். கீதாரியிடம் ஒரு ராத்திரிக் கிடைக்கு இவ்வளவா என்று நம் ஊரார் வாய்ச்சண்டை போடுவதை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். ஆயினும் கூலி அதிகம் என்று சொல்லி மந்தையை வாய்க்காலோடு திருப்பி அனுப்பியவர் ஒருவரையும் இதுவரை பார்த்ததில்லை.