சுளுக்கை யாராலும் எடுக்க முடியாது

மயிலாப்பூரில் கால் மடங்கி விழுந்தவருக்கு வைத்தியம் சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை. "நரம்பு புரண்டிருக்கு, நல்லெண்ணெய் போட்டு உருவி விட்டா எடுத்துரும்" என்பார் பால் வாங்க வந்த மாமி. புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்க வைத்துப் பற்றுப் போடச் சொல்வார் இஸ்திரி வண்டிக்காரர். பிறக்கும்போது கால் முதலில் வெளியே வந்தவர் ஒருவர் மந்தைவெளியில் இருக்கிறார், அவர் நீவினால் ஒரே நாளில் போய்விடும் என்று வழியும் சொல்லி அனுப்புவார் ஆட்டோக்காரர். எல்லாரும் அக்கறையில்தான் சொல்கிறார்கள். சொல்வதெல்லாம் ஒரே கதைதான்: காலுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறிக் கிடக்கிறது, கை தெரிந்தவர் பிடித்துத் தள்ளினால் அது பழைய இடத்துக்குப் போய்விடும்.

எதுவும் இடம் மாறவில்லை. பாதம் உள்பக்கமாகப் புரளும்போது கணுக்காலின் வெளிப்புறம் எலும்பையும் எலும்பையும் பிணைத்திருக்கும் லிகமென்ட் தாங்க முடியாத அளவுக்கு இழுபடுகிறது. மூன்று லிகமென்ட்களில் முன்பக்கத்தில் இருப்பதுதான் பெரும்பாலும் முதலில் போகிறது. சிலருக்குச் சில இழைகள் மட்டும் கிழியும், சிலருக்குப் பாதி, சிலருக்கு முழுதும். உள்ளே ரத்தம் கசிகிறது, அதனால் வீங்குகிறது, இரண்டு நாளில் பாதத்தின் ஓரம் நீலம் பாரிக்கிறது. கிழிந்ததை எந்தக் கட்டைவிரலாலும் தள்ளி வைக்க முடியாது. முதல் நாளிலேயே அழுத்தி உருவினால் கசிவு அதிகமாகும், அவ்வளவுதான். கூடவே எலும்பில் ஒரு கீறல் விழுந்திருந்தால் அது இன்னும் மோசம்.

"ஆனா எனக்குச் சரியாச்சே" என்பவர்களுக்கும் பதில் உண்டு. லேசான சுளுக்கு, யாரும் தொடாவிட்டாலும், சில நாளில் நடக்க விட்டுவிடும். தேய்ப்பதாலும் சூட்டாலும் மூளைக்குப் போகும் வலிச் செய்தி கொஞ்ச நேரம் மங்கும். தைலத்தின் வேலையும் இதுதான். நாகேஸ்வர ராவ் பூங்காவைச் சுற்றி ஓடுகிறவர்கள் நினைத்துப் பார்க்கலாம்: அந்தப் பூங்காவுக்குப் பெயர் தந்தவர் 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனைத் தொடங்கி, 1914-இல் சென்னைக்குக் கொண்டுவந்தவர். தலைவலிக்கு அந்த மஞ்சள் தைலத்தை நானும் விடமாட்டேன். ஆனால் அது தோலுக்கு மேலே எரிச்சல் கிளப்பி, கீழே உள்ள வலியை மறக்கடிக்கிற பொருள். லிகமென்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தானாக ஆறியதன் பெருமையை நீவிய கை வாங்கிக்கொள்கிறது. ஆறாமல் போனவர் திரும்பிப் போய்க் கேட்பதில்லை.

இதைப் படிக்காதவர்களின் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டு அடையாறில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை அதிகம். அவர்கள் நேரே எக்ஸ்ரே எடுக்கப் போகிறார்கள். "எலும்பு முறியலை, ஒண்ணும் இல்லை" என்று அங்கே மருத்துவர்கள் சொல்லி, ஒரு க்ரேப் பேண்டேஜும் வலி மாத்திரையும் கொடுத்து, மூன்று வாரம் அசையாதீர்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள். எக்ஸ்ரேயில் லிகமென்ட் தெரியாது. படம் சுத்தமாக இருந்தால் எலும்பு தப்பித்தது என்று மட்டும்தான் அர்த்தம். அந்தப் படம்கூட எல்லாருக்கும் தேவையில்லை. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட விதிகள் இன்றும் உலகெங்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நடப்பில் இருக்கின்றன. கணுக்காலில் துருத்தி நிற்கும் எலும்புகளின் பின்விளிம்பில், நுனியிலிருந்து 6 சென்டிமீட்டருக்குள் அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளியோரத்தில் நடுவே புடைத்திருக்கும் எலும்பிலோ, உள்பக்க வளைவுக்கு மேலே உள்ள எலும்பிலோ தொட்டால் வலியா? விழுந்த உடனேயும் சரி, மருத்துவர் முன்னாலும் சரி, நாலு எட்டு வைக்க முடியவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும். எதுவும் இல்லையென்றால் முறிவுக்கு வாய்ப்பு மிகக் குறைவு.

அசையாதே என்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978-இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், 2014-இல் தானே பின்வாங்கினார். ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். சூத்திரம் எழுதியவர் விட்டுவிட்டார், நம் ஊரில் இன்னும் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: காலை ஊன்றவே முடியாத கடுமையான சுளுக்குக்குச் சில நாள் அசையாமை உதவுகிறது. பிரிட்டனில் 584 பேரிடம் செய்து 2009-இல் வெளியான ஆய்வில், 10 நாள் மாவுக்கட்டுப் போட்டவர்கள் மூன்று மாதம் கழித்து, வெறும் பேண்டேஜ் போட்டவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஆனால் அது 10 நாள். ஒன்பது மாதத்தில் அந்த வித்தியாசமும் மறைந்துவிட்டது. லேசான, நடுத்தரச் சுளுக்குக்கு மூன்று வாரம் சோபாவில் கிடப்பது ஆடுசதையைக் கரைத்து மூட்டை இறுக்குகிறது. நீவுகிறவரும் படுக்க வைக்கிறவரும் எதிரெதிர் கட்சி போலத் தெரிந்தாலும் நம்பிக்கை ஒன்றுதான்: கால் சரியாவது காலுக்குச் சொந்தக்காரர் செய்யும் வேலை இல்லை.

மூன்றாவது கட்சி ஓட்டக்காரர்கள். வலி போனால் சரியாகிவிட்டது என்பது இவர்கள் வேதம். சென்னையில் இதற்கு ஒரு பருவமே உண்டு. சென்னை மாரத்தான் ஜனவரியில். நீண்ட தூரப் பயிற்சி முழுதும் வடகிழக்குப் பருவமழைக்குள். தண்ணீர் நின்ற குழி எது, ரோடு எது என்று விடியற்காலை இருட்டில் தெரியாது. நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மர், பைக், பெயர்ந்த கல். மந்தைவெளி, அடையாறு, பனகல் பார்க் பக்கம் மெட்ரோ தடுப்புகள் வேறு. ரோட்டின் ஓரச் சரிவில் ஓட வேண்டியதாகிறது. நவம்பரில் கால் மடங்குகிறது, டிசம்பரில் வலி போகிறது, பந்தயத்துக்குப் பணம் கட்டியாயிற்று, அடுத்த ஞாயிறே திரு.வி.க. பாலத்தைத் தாண்டிக் கடற்கரை வரை நீண்ட ஓட்டம். பிறகு அதே கால், அதே பக்கம், மறுபடியும்.

ஏன் மறுபடியும்? 1965-இல் லண்டனில் மைக்கேல் ஃப்ரீமன் இதற்கு ஒரு விடை சொன்னார். லிகமென்ட் வெறும் கயிறு இல்லை; பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்லும் உணர்நரம்புகள் அதற்குள் இருக்கின்றன. கிழியும்போது அந்தத் தகவலும் கெடுகிறது. பாதம் புரளத் தொடங்கியதும் தடுக்க வேண்டிய கெண்டைக்காலின் வெளித்தசை தாமதமாக விழிக்கிறது. வலி போவதோடு இது திரும்பி வருவதில்லை, பழக்கித்தான் வரவழைக்க வேண்டும். அவர் விளக்கத்தில் பின்னால் வந்தவர்கள் பல திருத்தம் செய்தார்கள், ஆனால் அவர் பரிந்துரைத்த சமநிலைப் பயிற்சி நிலைத்துவிட்டது. 2023 அக்டோபர் 19 அன்று புனேயில் கிரிக்கெட் வீரர் ஹர்திக் பாண்டியாவின் இடது கணுக்கால் மடங்கியதை நாடே பார்த்தது. உலகக் கோப்பையின் மிச்சம் முழுதும் போயிற்று. சீக்கிரம் திரும்ப அவசரப்பட்டதில் காயம் மாதக்கணக்கில் நீண்டுவிட்டது என்று பின்னாளில் அவரே சொன்னார். உலகின் சிறந்த வைத்தியர்களை வைத்திருக்கிறவருக்கே அவசரம் பலிக்கவில்லை.

என்னதான் செய்வது? முதல் இரண்டு மூன்று நாள் வீக்கத்தை அடக்கு, காலை உயர்த்தி வை, இறுக்கமாகக் கட்டு, தாங்குகிற அளவுக்கு ஊன்றி நட. படுத்தபடியே பெருவிரலால் காற்றில் எழுது. பிசியோதெரபிஸ்ட்கள் ஏபிசிடி எழுதச் சொல்வார்கள். தமிழ் எழுதினால் கூடுதல் லாபம், 'ஞ'வும் 'இ'யும் கணுக்காலை எல்லாத் திசையிலும் வளைக்கும். பாதத்தைச் சுவரை நோக்கி வைத்து, குதிகால் தூக்காமல் முழங்காலைச் சுவரில் தொடப் பழகு. இந்த வளைவு திரும்பாமல் ஓடினால் பாரம் வேறு எங்காவது போய் முழங்கால் அழும். பிறகு ஒற்றைக் காலில் நிற்பது. பல் தேய்க்கும் நேரம் போதும், கண்ணை மூடிக்கொண்டால் எவ்வளவு ஆடுகிறது என்று தெரியும். ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்குவது, நல்ல கால் எத்தனை முறை செய்கிறதோ அத்தனை. அப்புறம் நொண்டியடிப்பது. வலி இல்லாமல் அரைமணி வேக நடை, இரண்டு காலிலும் ஒரே அளவு நொண்டி, இவை வந்த பிறகு ஓட்டமும் நடையும் கலந்து தொடங்கு, சமதளத்தில். மணலில் ஓடினால் காலுக்கு நல்லது என்று பெசன்ட் நகரில் யாராவது சொல்வார். ஆறாத கணுக்காலுக்குத் தளர்ந்த மணலைவிடக் கெட்ட தரை கிடையாது.

இதையெல்லாம் செய்தாலும் கடைசியில் ஒரு இடத்தில் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்: ஓடத் தொடங்கியதும். நெதர்லாந்தில் 522 விளையாட்டு வீரர்களிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு இதைத்தான் பார்த்தது. வழக்கமான சிகிச்சை முடிந்த பிறகு, வாரம் மூன்று முறை, வீட்டிலேயே, எட்டு வாரம் சமநிலைப் பயிற்சி செய்தவர்களில் ஒரு வருடத்துக்குள் மறுபடி சுளுக்கியவர்கள் 22 சதவீதம், செய்யாதவர்களில் 33. எந்த எண்ணெயும் இந்த வித்தியாசத்தைக் காட்டியதாக நான் படித்ததில்லை. அந்த எட்டு வாரத்துக்குச் செலவும் கிடையாது, யாருடைய கையும் தேவையில்லை.